வளைந்த நிப்புப் பேனாவில் படமும் எழுத்தும்: பினாங்குத் தெருவுக்கு ஒரு முழு வழிகாட்டி

வளைந்த நிப்புப் பேனா கைக்கு வந்ததும் பலரும் முதலில் அதை அழுத்திப் பார்க்கிறார்கள். தூரிகை மாதிரி கோடு விரியும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். தூரிகை அழுத்தினால் விரியும், ஆகவே இதையும் அழுத்துகிறார்கள். ஆனால் இந்த நிப்பு விரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நுனியை மட்டும் சிறிது மேல்நோக்கி மடக்கிய எஃகுத் தகடு இது. மடங்கிய பகுதியின் அடிப்பக்கம் தாளில் எவ்வளவு படுகிறதோ, அவ்வளவு பருமனில் கோடு விழும். பேனாவைச் சாய்த்தால் முழு அடியும் படியும். நிமிர்த்தினால் நுனி மட்டும் தொடும். அழுத்தினாலோ நிப்பின் இரண்டு பற்களும் பிரிந்து, திரும்ப ஒட்டாமலே போய்விடும்.

ஆகவே பழக வேண்டியவை இரண்டு: பேனாவின் சாய்வு, நிப்பு பார்க்கும் திசை. இவை கைக்கு வந்துவிட்டால் கோபுரத்து நிழலையும் கடைப் பலகையின் எழுத்தையும் ஒரே பேனாவால் முடிக்கலாம்.

எந்தப் பேனா

அதிகம் பேசப்படுவது ஜப்பானின் செய்லர் நிறுவனத்தின் ஃபூடே தே மன்னென். கருநீல உடலில் வருவது 40 பாகை வளைவு, மூங்கில் பச்சையில் வருவது 55 பாகை. வளைவு கூடினால் கோடும் பருக்கும் என்று நினைத்து 55-ஐ வாங்குகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது உங்கள் கைப்பழக்கம். பேனாவைத் தாழ்த்திப் பிடித்து எழுதுகிறவருக்கு 40 பொருந்தும். நிமிர்த்திப் பிடிக்கிறவருக்கு 55. மாற்றி வாங்கினால், முழு அடியும் படிவதற்காக ஒவ்வொரு கோட்டுக்கும் மணிக்கட்டைத் திருக வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் கை வலிக்கும்.

சீனத்து டியூக் 209, ஹீரோ, ஜின்ஹாவ் பேனாக்களிலும் வளைந்த நிப்பு கிடைக்கிறது. விலை குறைவு, உடல் பெரும்பாலும் உலோகம், கனமும் கூடுதல். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு நிப்புகள் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்: ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்று தாளைக் கீறும். கடையில் நேரில் வாங்கினால், வாங்குமுன் நிப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுப்பிளவு நுனிவரை நேராக வந்து, நுனியில் ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும்.

சாதாரண நிப்பைக் குறட்டால் மடக்கிக்கொள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். செய்யலாம்தான். ஆனால் நிப்பு நுனியில் பொதிந்திருக்கும் கடின உலோகப் பொட்டு மடக்கியபின் மேலே போய்விடும். தாளில் உரசுவது வெறும் எஃகு. அது சீக்கிரம் தேயும், பற்களும் கோணும். மடக்கி விற்பதே மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு தேவையில்லை.

மை ஊற்றுமுன்

புதுப் பேனாவின் நிப்பிலும், அதற்கு அடியில் மையைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் நாக்கிலும் தொழிற்சாலை எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கோடு விட்டுவிட்டு வருவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கன்வெர்ட்டரால் (பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் திருகு குழல்) நாலைந்து முறை உறிஞ்சி வெளியே தள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நுரை போகும்வரை. நிப்பைக் கீழ்நோக்கி டிஷ்யூவில் சுற்றி, ஒரு கோப்பையில் நிறுத்தி, ஓர் இரவு விட்டால் உலர்ந்துவிடும். சுடுதண்ணீரும் ஸ்பிரிட்டும் வேண்டாம்; பிளாஸ்டிக் கெடும்.

செய்லர் கன்வெர்ட்டர் அரை மில்லிலிட்டர் அளவுதான் பிடிக்கும். இந்த நிப்போ மையைக் குடிக்கும். அகலக் கோடுகளால் நிழல் நிரப்பும் ஒரு காலைப் பொழுதில் முழுக் கன்வெர்ட்டரும் காலியாகலாம். வெளியே போகும்போது மாற்றுக் கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து வரும் குழல்) இரண்டு, அல்லது மூடி இறுகிய சின்னப் புட்டியில் 5 மில்லி மை எடுத்துக்கொள்ளுங்கள். செய்லர் பேனாவுக்குச் செய்லர் கார்ட்ரிட்ஜ்தான் சேரும். மற்றது எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

சாய்வும் திசையும்: முதல் தாள்

கோடில்லாத தாள் ஒன்றை எடுத்து நான்கு பட்டையாகப் பிரியுங்கள்.

முதல் பட்டையில் பேனாவை ஏறக்குறைய செங்குத்தாக, 75 முதல் 80 பாகையில் பிடித்துக் கோடுகள் இழுங்கள். மெல்லிய, ஒரே சீரான கோடு வரும். இரண்டாவதில் 60 பாகைக்கு இறக்குங்கள், நடுத்தரக் கோடு. மூன்றாவதில் நிப்பின் மடங்கிய அடி முழுவதும் தாளில் படியும்வரை சாயுங்கள். படிந்த கணத்தில் உரசல் குறைந்து கை வழுக்குவது தெரியும். கோடு சுமார் 2 மில்லிமீட்டர்வரை பருக்கும். பேனாவுக்குப் பேனா இது மாறும். நான்காவதில் பேனாவைப் புரட்டி, நிப்பின் முதுகுப் பக்கம் தாளைப் பார்க்கும்படி, அழுத்தமே இல்லாமல் இழுங்கள். மயிரிழைக் கோடு வரும். சில நிப்புகள் புரட்டினால் கீறும். கீறினால் அந்தப் பேனாவில் இந்த முறையை விட்டுவிடுங்கள். தேய்த்துச் சரிசெய்யப் போனால் மறுபக்கம் கெடும்.

அடுத்தது திசை. பல வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் எழுத்துக்கு இதுதான் அடிப்படை. முழுதாகச் சாய்த்த நிப்பு தாளைத் தொடும் இடம் ஒரு புள்ளியல்ல, நீண்ட பட்டை. அந்தப் பட்டை பேனாத்தண்டு போகும் திசையிலேயே படுத்திருக்கிறது. அந்தத் திசையில் பேனாவை இழுத்தால் பட்டையின் அகலம் மட்டும் பதிந்து கோடு மெலியும். குறுக்கே இழுத்தால் பட்டையின் முழு நீளமும் பதிந்து பருக்கும்.

இதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். நிப்பு 12 மணியைப் பார்த்தால், அதாவது தண்டு உங்கள் மார்பை நோக்கி இருந்தால், படுக்கைக் கோடு தடிக்கும், நிமிர்ந்த கோடு மெலியும். 9 மணியைப் பார்த்தால் நேர் எதிர்: நிமிர்ந்தவை தடிக்கும், படுத்தவை மெலியும். வலக்கைக்காரர் இயல்பாகப் பிடிப்பது 10-க்கும் 11-க்கும் நடுவே. அப்போது படுக்கையும் நிமிர்வும் கிட்டத்தட்ட ஒரே பருமன். இடக்கீழிலிருந்து வலமேல் போகும் சாய்கோடுதான் மிகத் தடிக்கும். ‘அகலமாகவே பிடிக்கிறேன், ஆனால் எல்லாம் ஒரே தடிமனில் வருகிறது’ என்ற குறைக்குக் காரணம் இந்த 10:30 பிடிதான். பேனாவில் கோளாறு இல்லை. பிடியை மாற்றக் கை வராவிட்டால் தாளைத் திருப்புங்கள்.

இடக்கைக்காரருக்குக் கடிகாரம் கண்ணாடியில் பார்த்ததுபோல மாறும்: 1-க்கும் 2-க்கும் நடுவே இயல்புப் பிடி. வரிக்கு மேலாகக் கையை வளைத்து எழுதும் பழக்கம் இருந்தால் ஈர மையைக் கை துடைத்துவிடும். தாளை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து, வரிக்குக் கீழிருந்து எழுதுவது நல்லது.

இந்த நான்கு பட்டைகளையும், ஒவ்வொரு மணித் திசையிலும் ஒரு சிலுவைக் குறியையும் போட்ட தாளை ஸ்கெட்ச் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிவையுங்கள். தெருவில் நிற்கும்போது இது உதவும்.

மை

படத்தின் மேல் வாட்டர்கலர் போடுவதாக இருந்தால் தண்ணீரில் கரையாத மை வேண்டும். பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவகுரோ, டி அட்ராமென்டிஸ் டாக்குமென்ட் ஆகியவை ஊற்றுப்பேனாவுக்கென்றே செய்த நிறமித்துகள் மைகள். இந்தியன் இங்க் என்று புட்டியில் விற்பதை ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் அரக்கு போன்ற பசை இருக்கும். நாக்கின் நுண்குழாய்களில் உறைந்தால் பேனா முடிந்தது.

கரையும் மையைக் குறைவாக எடைபோட வேண்டாம். பார்க்கர் குவிங்க் போன்ற சாதாரண மையில் வரைந்து, ஈரத் தூரிகையால் அகலக் கோட்டின் ஓரத்தைத் தொட்டால், அந்தக் கோடே நிழலாகக் கசியும். கறுப்பு மையிலிருந்து நீலமும் பழுப்பும் பிரிந்து வருவதையும் பார்க்கலாம். ஒரே பேனா, ஒரு வாட்டர் பிரஷ், பத்து நிமிடம். நடந்துகொண்டே வரைகிறவருக்கு இதுவே போதும் என்று சொல்வேன். ஒரு குறை உண்டு: மழைத்துளி ஒன்று விழுந்தாலும் படம் போய்விடும்.

நிறமித்துகள் மை போட்ட பேனாவை வாரக்கணக்கில் தொடாமல் வைக்கக்கூடாது. தினமும் வரைகிறவர் மாதம் ஒருமுறை கழுவினால் போதும். இரண்டு வாரம் வரையப்போவதில்லை என்றால் முதலிலேயே காலிசெய்து கழுவிவையுங்கள்.

தாள், ஈரப்பதம், வெயில்

ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளை அப்படியே நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். பினாங்கின் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் அதிகம். தாளுக்குள் மை ஊறாமல் தடுப்பது அதன் பசைப்பூச்சு. திறந்துகிடக்கும் தாள் நாள்பட ஈரத்தை இழுத்தால் அந்தப் பூச்சு பலவீனப்படும். போன மாதம் கூர்மையாக விழுந்த கோடு இந்த மாதம் வேர்விட்டுப் பரவும். குறைசொல்ல வேண்டியது மையையல்ல. ஸ்கெட்ச் புத்தகங்களை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், எப்போது காயவைக்க வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

கோடு மட்டும் போட 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வழவழப்பான தாள். நீர்ப்பூச்சும் வேண்டுமானால் 300. சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் நிப்பு மேடுகளை மட்டும் தொட்டு, வேகமாக இழுத்தால் உடைந்த கோடு விழும். கெட்டுப்போன கோடு என்று நினைத்துவிடாதீர்கள். கடல்மேல் மரவீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியின் பழைய பலகைகளுக்கு அதைவிடப் பொருத்தமான கோடு கிடையாது. எழுத்துக்கு மட்டும் அந்தத் தாள் ஆகாது.

உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் தாளில் பட்ட இடத்தில் மை பிடிக்காமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

வெப்பத்தின் வேலை இன்னொன்று. குளிரூட்டிய கடையில் உட்கார்ந்துவிட்டு வெயிலுக்கு வந்தால் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். மூடியைத் திறந்ததும் நிப்பில் பெரிய சொட்டு நிற்கும். கன்வெர்ட்டர் பாதி காலியாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், சொட்டும் பெரிது. ஆகவே கிளம்புமுன் முழுதாக நிரப்புங்கள், நிப்பு மேலே பார்க்கப் பையில் செருகுங்கள், வெளியே வந்து சில நிமிடம் கழித்து, டிஷ்யூவைக் கையில் வைத்துக்கொண்டு திறங்கள். வெயிலில் நிற்கும் காரில் பேனாவை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

கடைவீடு ஒன்றை வரைதல்

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியை யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. லெபு (மலாயில் தெரு) பாசார், லெபு குவீன், லெபு சூலியா பக்கம் கடைவீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன: குறுகிய முகப்பு, மேலே பலகைச் சன்னல், கீழே நிழல் அடைத்த அஞ்சடி, அதாவது மாடிக்கு அடியில் கடை முன்னால் ஓடும் நடைவழி. இந்தப் பேனாவுக்கு நல்ல பயிற்சிப் பொருள், ஏனென்றால் மெல்லிய கோடும் அகல நிழலும் ஒரே முகப்பில் தேவைப்படுகின்றன.

நேரத்தை முதலில் பாருங்கள். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைச் சொச்சத்தில்தான் இருக்கிறது. நண்பகலில் வெயில் உச்சியில் நின்று, முகப்பின் நிழல்கள் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும். இங்கே பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல். காலை எட்டரை முதல் பத்துவரை, மாலை ஐந்து முதல் ஆறரைவரை நிழல் நன்றாக விழும். எதிர்ப்பக்க அஞ்சடியில் நில்லுங்கள், அல்லது அங்கே கோப்பிக் கடை இருந்தால் உட்காருங்கள். யாருடைய கடைவாசலையும் மறைக்க வேண்டாம்.

1. ஏ5 தாளை நிமிர்த்தி வையுங்கள். பென்சில் வேண்டாம். பேனாவைப் புரட்டி, மயிரிழைக் கோட்டில் நான்கு புள்ளிகள்: முகப்பின் நான்கு மூலை. பிறகு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையிலான கோட்டுக்கு இரண்டு புள்ளி. அளவுக்கு, கைநீட்டிப் பேனாத்தண்டைக் கொண்டு அகலம் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். இந்தப் புள்ளிகள் தவறினால் பின்னால் எதுவும் சரியாகாது. ஐந்து நிமிடம் இதற்கே போகட்டும்.

2. பேனாவை நேராக்கி, செங்குத்துப் பிடியில் தூண்களையும் சன்னல் சட்டங்களையும் போடுங்கள். கோடு மூலையில் முட்டாமல் கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை.

3. இப்போது அகலம். கூரை விளிம்பின் அடி நிழலை, நிப்பு 12 மணியைப் பார்க்க, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் போடுங்கள். அந்த ஒரு கோட்டிலேயே கூரை முன்னால் வந்துவிடும்.

4. அஞ்சடியின் உள்ளிருட்டு. புதிதாக வரைகிறவர்கள் உள்ளே தெரியும் சாமான்களை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு, பிறகு நிழல் போட இடமில்லாமல் திணறுவார்கள். முறையை மாற்றுங்கள். வெளிச்சத்தில் இருப்பவற்றின் எல்லையை, அதாவது தூண், தொங்கும் மாலை, வாசலில் நிற்கும் ஆள், மெல்லிய கோட்டில் குறித்துவிட்டு, மற்ற இடத்தை முழுச் சாய்வில் அடர்த்தியாக நிரப்புங்கள். மேலே அடர்த்தி அதிகம், தரைப்பக்கம் வரவரக் குறைவு; தெருவிலிருந்து வெளிச்சம் தரையில் பட்டு உள்ளே எதிரொளிப்பதால் அப்படி. இருட்டுக்குள்ளும் அங்கங்கே வெள்ளைக் கீறல் இருக்கட்டும், முழுதும் மூடிவிட்டால் ஓட்டை மாதிரித் தெரியும். நிரப்பும்போது மை வற்றிக் கோடு வெளிறினால் அவசரப்படாதீர்கள்: நாக்கு கொண்டுவரும் வேகத்தைவிடக் கை வேகமாகப் போகிறது. கன்வெர்ட்டரைக் கால் சுற்று திருகி மையை நாக்குக்கு இறக்கலாம். அதற்குமேல் திருகினால் சொட்டும்.

5. சன்னல் பலகைகள் 60 பாகைச் சாய்வில், குட்டிக் குட்டிப் படுக்கைக் கோடுகள். எல்லாவற்றையும் போட வேண்டாம். நிழல் பக்கத்துச் சன்னலில் முழுதாக, வெயில் பக்கத்தில் மூன்று நான்கு போதும்.

6. கூரை ஓடு. சாய்வின் போக்கிலேயே சில கோடுகள், நடுவில் விட்டுவிட்டு.

7. ஆட்கள். தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்கு அகலமான ஒரே இழுப்பு, கால்களுக்குப் பேனாவை நிமிர்த்திக்கொண்டே இரண்டு. இழுப்பின் நடுவில் நிமிர்த்தினால் கோடு கூம்பி முடியும். நடக்கும் கால் அப்படித்தான் இருக்கும். கண்மட்டம் ஒன்றாக இருக்கட்டும்: சமதரையில் நிற்கும் நீங்கள் வரையும் பெரியவர்கள் அனைவரின் தலையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வரும், தூரத்து ஆளுக்குக் கால் மட்டும் மேலேறும்.

8. கடைப் பலகை. சீன, ஆங்கில எழுத்துகளைக் கிறுக்கலாகக் காட்டித் தப்பிக்கலாம். தமிழ்ப் பலகையைப் பார்ப்பவர் படிக்கத் தொடங்கிவிடுவார். இடத்தை முன்கூட்டி விட்டு, எழுத்தைச் சரியாகவே எழுதுங்கள்.

9. நீர்ப்பூச்சு போடுமுன் பொறுங்கள். மெல்லிய கோடு சீக்கிரம் உலரும்; அஞ்சடி இருட்டில் தேங்கிய மை, ஈரக்காற்றில் கால் மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அதே தாளின் ஓரத்தில் முன்னரே ஓர் அடர்ந்த பொட்டு வைத்திருந்தால், அதில் ஈரத் தூரிகையைத் தேய்த்துச் சோதிக்கலாம்.

கோபுரமும் குவிமாடமும்

லெபு குவீன் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதன் கோபுரத்துச் சிற்பங்களை எண்ணி எண்ணி வரையத் தொடங்கினால் படம் பொடிப்பொடியாகச் சிதறும். வெளி விளிம்பை மட்டும் நடுத்தரக் கோட்டில், மேடுபள்ளத்தோடு, கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். அடுத்து ஒவ்வொரு தளத்தின் விளிம்புக்கும் அடியில் அகல நிழல். சிற்பங்கள் இருக்கும் இடத்தில், நிழலுக்கு நடுவே வெள்ளையை விட்டு வரும் வடிவங்களே சிற்பமாகத் தெரியும்: தலைக்கு மேல் ஒரு வளைவு, தோளுக்குக் கீழே ஒரு கறுப்பு. இரண்டு மூன்று உருவங்களுக்கு மட்டும் மெல்லிய கோட்டில் கை, கிரீடம் காட்டினால் மீதியைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும்.

1801-இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு வேறு வழி. அது பெரிய வெளிறிய திரள். அதன்மேல் நிழலைக் கொட்டினால் கனம் போய்விடும். குவிமாடத்தின் விளிம்பைச் சாய்வையும் திசையையும் மாற்றாமல் ஒரே வீச்சில் எடுங்கள். வளைவு திரும்பத் திரும்பக் கோடு தானே மெலிந்தும் தடித்தும் போகும். இயல்பான 10:30 பிடியில், இடக்கீழிலிருந்து மேலேறும் இடப்பக்கம் தடிக்கும், உச்சி தாண்டி வலக்கீழாக இறங்கும் பக்கம் மெலியும். காலை வெயில் வலப்பக்கமிருந்து அடித்தால் இது அப்படியே பொருந்தும். இடப்பக்கமிருந்து அடித்தால் தாளைத் தலைகீழாக்கினாலும் பயனில்லை, நிப்பை 1 மணிப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

தமிழ் எழுத்து

ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தடிமன் வேறுபாடு கிடையாது. ஆகவே தமிழில் எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்று நம் கைக்குப் பழைய பழக்கம் ஒன்றும் இல்லை, நீங்களே முடிவுசெய்யலாம். முடிவுசெய்ததை வரி முழுக்க மாற்றாமல் இருப்பதுதான் கடினம். 12 மணிப் பிடியில் ப, ட, ம, ய ஆகியவற்றின் அடிக்கோடு தடித்து, எழுத்து தரையில் ஊன்றி உட்காரும். 9 மணிப் பிடியில் கால்கள் தடித்து, அச்செழுத்துச் சாயல் வரும். தொடங்குகிறவருக்கு 12 மணியே எளிது.

முதலில் கோடிடுங்கள். 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு எழுத்தின் உடல் 12 மில்லிமீட்டர், மேலே விசிறிக்கும் (கி, கீ-யின் மேல்வளைவு) புள்ளிக்கும் 8, கீழே கு, து, ழ ஆகியவற்றின் வாலுக்கு 8. ஒரு வரிக்கு ஆக 28. ஏ4 தாளில் மேலும் கீழும் 25 விட்டால் எட்டு வரி அடங்கும். நெருக்கி ஒன்பதாவது வரியை நுழைக்காதீர்கள். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் மோதும்.

பயிற்சி வரிசை: ட, ப, ய, ம, வ, பிறகு ல, த, ழ, கடைசியில் ன, ண. ட-வில் இரண்டே இழுப்பு: மேலிருந்து கீழே மெலிவு, மூலையில் ஒரு கணம் நிறுத்தம், வலப்பக்கம் தடிப்பு. நிறுத்தாமல் திரும்பினால் மூலை மழுங்கும். ப-வில் மூன்றாவது இழுப்பு கீழிருந்து மேலே போகிறது. அப்போது நிப்பு தாள் நாரைக் குத்தாமலிருக்க அழுத்தத்தை இன்னும் குறையுங்கள்.

சுழியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். 5 மில்லிமீட்டர் அகலச் சுழியை 2 மில்லிமீட்டர் கோட்டில் போட்டால் நடுவே 1 மில்லிமீட்டர்தான் வெள்ளை மிஞ்சும். மை ஈரமாக இருக்கும்போது அதுவும் அடைந்துவிடும். மூன்று சுழி ண எழுதினால் மூன்று கறுப்புப் பொட்டு. அதற்காக எழுத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை. சுழிக்குள் நுழையும்போதே பேனாவை 70 பாகைக்கு மேல் நிமிர்த்துங்கள், கோடு 0.8 அளவுக்கு மெலியும், நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். சுழியிலிருந்து வெளியே வரும் கோட்டில் மெல்லச் சாய்த்துத் தடிமனுக்குத் திரும்புங்கள். சுழியில் நிமிர்வு, ஓட்டத்தில் சாய்வு: ஒரே எழுத்துக்குள் நான்கைந்து முறை இது நடக்கும். விரல்களால் செய்யாமல், மணிக்கட்டை நிறுத்தி முன்கையால் தண்டை ஏற்றி இறக்கினால் நடுக்கம் குறையும்.

மெய்ப்புள்ளிக்கு வட்டம் போடாதீர்கள். முழு அடியையும் தாளில் வைத்து எடுத்தால் கோதுமை மணி வடிவில் ஒரு பொட்டு விழும். எல்லாப் புள்ளிக்கும் நிப்பு ஒரே திசையில் இருக்கட்டும். வால்களுக்கு, சாய்வில் தொடங்கி இழுத்துக்கொண்டே நிமிர்த்திக் காற்றில் எடுங்கள்.

இவை பழகியதும் ‘தண்ணீர்மலை’ என்று எழுதிப் பாருங்கள். முருகன் கோயில் இருக்கும் இந்த மலையின் பெயரைப் பார்த்ததும் பினாங்குக்காரருக்குத் தைப்பூசம் நினைவுக்கு வரும். பேனாவுக்கோ இது முழுத் தேர்வு: இரண்டு ண, இரண்டு புள்ளி, மேலே ஒரு சுழித்த விசிறி, இறுதியில் ஐகாரம். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு லை-க்கு யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு எழுத்தோடு ஒட்டி வந்தது. அலங்கார எழுத்தில் அந்தப் பழைய வடிவம் இந்த நிப்புக்கு மிக அழகாக வரும். பள்ளிப் பிள்ளைகள் படிக்க வேண்டிய பதாகையில் மட்டும் தவிருங்கள்.

கோடு கெட்டால்

ஒரு திசையில் மட்டும் கீறினால் பற்கள் மட்டம் தப்பியிருக்கின்றன. பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாழ்ந்த பல்லை நகத்தால் மெல்ல மேலே தள்ளி, சில வினாடி பிடித்து விடுங்கள், சோதியுங்கள், தேவையானால் மறுபடியும். உப்புத்தாள் எடுத்துத் தேய்ப்பது கடைசி வழி, அதுவும் மட்டம் சரியானபின் மட்டும்.

முதல் கோடு வராமல் இரண்டாவது வந்தால் மூடி சரியாக இறுகவில்லை, அல்லது குளிரூட்டிய அறையில் திறந்து வைத்திருந்தீர்கள். ஈர டிஷ்யூவில் நிப்பைத் தொட்டால் ஓடும். அகலக் கோட்டின் நடுவில் வெள்ளைப் பிளவு ஓடினால் இரண்டு காரணம்: வேகம், அல்லது அழுத்தி அழுத்திப் பற்கள் விரிந்துவிட்டன. மெல்ல இழுத்தும் பிளவு வந்தால் இரண்டாவதுதான். நிப்பை மாற்றுவதே மேல். கோட்டின் ஒரு விளிம்பு கூர்மை, மறுவிளிம்பு பல்பல்லாக இருந்தால் நிப்பு பக்கவாட்டில் உருண்டிருக்கிறது: ஒரு பல் மட்டும் தாளில் படுகிறது. பேனாவை விரலுக்குள் சிறிது உருட்டி, பிளவு நேர்மேலே பார்க்கப் பிடியுங்கள்.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரே போதும், தெளியும்வரை. நிறமித்துகள் மை என்றால் சோப்புச் சொட்டு விட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிறகு கழுவுங்கள். நிப்பைப் பிடுங்கிக் கழுவும் ஆசையை அடக்குங்கள். வளைந்த நிப்பை நுனியில் பிடித்து இழுத்தால் வளைவே மாறிவிடும்.

மைப்புட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். இந்தக் காலநிலையில் மையிலும் பூஞ்சை பிடிக்கும்: மேலே ஏடு படர்ந்தோ, நூல் நூலாக மிதந்தோ, ஊசல் நாற்றம் அடித்தோ இருந்தால் வடிகட்டிப் பார்க்காமல் புட்டியோடு எறிந்துவிடுங்கள். அந்த மை ஓடிய பேனாவையும் கன்வெர்ட்டரையும் அன்றே கழுவுங்கள். புட்டியில் மிச்ச மையைத் திருப்பி ஊற்றாமலும், தண்ணீர் கலக்காமலும், எழுதிக்கொண்டிருந்த நிப்பைத் துடைக்காமல் முக்காமலும் இருந்தால் இது பெரும்பாலும் வராது.